அரங்கம் இல்லாத ஊரில் முதல் கச்சேரி

வடசென்னையின் கொருக்குப்பேட்டையில் நான்கைந்து பேர் கூடி ஓர் இசைக்குழு தொடங்குவது இன்று பெரிய காரியமில்லை. சர்ச்சில் கிதார் பழகிய ஒருவன், வீட்டில் கிடந்த கேசியோவில் விரல் ஓட்டிப் பழகியவன், யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ளாமலேயே டோலக் அடிப்பவன், கூச்சமில்லாமல் பாடக்கூடிய ஒரு பெண். ஒத்திகைக்கு மொட்டை மாடி போதும். சில மாதங்களில் ஏழெட்டுப் பாட்டு தேறிவிடும். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அந்த ஏழெட்டுப் பாட்டை முதன்முதலாக யார் முன்னால், எந்த இடத்தில் பாடுவது? புதுக் குழுக்களுக்கு உலகமெங்கும் சொல்லப்படும் யோசனை ஒன்று உண்டு. சின்னச் சின்ன இடங்களாகப் பார்த்துத் தொடங்கு, காபிக் கடை, பப், ஐம்பது பேர் உட்காரும் அறை என்று ஒவ்வொன்றாக ஏறி இறங்கு, ஒரு ‘டெமோ’ கொடு, ஒரு தேதி கேள். இந்த யோசனையில் தவறில்லை. ஆனால் அப்படிப்பட்ட அறைகள் இருக்கிற ஊர்களில் பிறந்த யோசனை அது. எண்ணூர் முதல் ராயபுரம் வரை நீளும் துறைமுகப் பட்டையில் அதை அப்படியே பின்பற்றப் புறப்படும் குழு, இல்லாத கதவைத் தட்டிக்கொண்டே ஒரு வருடத்தைக் கழித்துவிடும். இங்கே சிறிய அரங்கம் கிடையாது. அதன் வேலையை நிகழ்ச்சி செய்கிறது. கலியாணம், சாவு, கூழ் வார்த்தல், கட்சிக் கூட்டம், கிறிஸ்துமஸ் என்று வருடம் முழுக்க வரும் நிகழ்ச்சிகள்தான் புதுக் குழுவுக்கு உண்மையான முதல் மேடை. இதை இழுக்கு என்று நினைப்பவர்கள் இசையின் வரலாற்றையும் சரியாகப் பார்க்கவில்லை, ஊரின் நிலைமையையும் சரியாகப் பார்க்கவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில், அறைகள் ஏன் இல்லை என்று பார்க்கலாம். மேற்கு நாடுகளிலும் பெங்களூரிலும் சிறிய இசை அரங்கத்தின் பொருளாதாரம் டிக்கெட்டில் நிற்பதில்லை, பீரில் நிற்கிறது. வாசிக்கிற குழு யாரென்று தெரியாவிட்டாலும், நாற்பது பேர் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து குடித்தால் கடைக்காரருக்கு நஷ்டமில்லை. அதனால்தான் அவர் முகம் தெரியாத பையன்களுக்கு ஒரு செவ்வாய்க்கிழமையைக் கொடுக்கத் துணிகிறார். தமிழ்நாட்டில் 2003 நவம்பர் முதல் மதுச் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில் இருக்கிறது. அதற்கு வெளியே உட்கார்ந்து குடிக்கும் உரிமம் பெரும்பாலும் தங்கும் ஓட்டல்களுக்கும் மனமகிழ் மன்றங்களுக்கும்தான். தெருமுனையில் தனியாக நிற்கும் பப் என்ற இனமே இங்கு வளரவில்லை. டாஸ்மாக்கை ஒட்டிய பாரில் யாரும் கிதார் வாசிக்கப் போவதில்லை. ஆகவே சென்னையில் ‘லைவ் மியூசிக்’ என்றால் நட்சத்திர ஓட்டல்களும் பெரிய மால்களும்தான். அதை விட்டால் அலியான்ஸ் பிரான்சேஸ், கெத்தே இன்ஸ்டிட்யூட் போன்ற அயல்நாட்டுப் பண்பாட்டு நிலையங்கள், எழும்பூர் மியூசியம் தியேட்டர், ஐ.ஐ.டி.யின் சாரங் போன்ற கல்லூரி விழாக்கள், புதுக் குழுக்களுக்கென்றே அடையாற்றில் இயங்கிவந்த அன்வைண்ட் சென்டர். இந்தப் பட்டியலில் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு வடக்கே ஓர் இடமும் இல்லை.

‘மெட்ரோ வந்துவிட்டதே, தெற்கே போய் வாசித்தால் என்ன?’ என்று கேட்கலாம். 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது உண்மை. தண்டையார்பேட்டையிலிருந்து நுங்கம்பாக்கம் போவது இன்று கடினமில்லை. ஆனால் முகம் தெரியாத குழுவைப் பார்த்து எந்தச் சிறிய அரங்கமும் கேட்கும் முதல் கேள்வி, ‘எத்தனை பேரைக் கூட்டி வருவீங்க?’ என்பதுதான். குழு மட்டும் போனால் போதாது, கேட்பவர்களும் கூடப் போக வேண்டும். கன்டெய்னர் யார்டிலும் குடோனிலும் மீன் ஏலத்திலும் வேலை பார்க்கும் நண்பர்கள், ஒரு வார நாள் மாலையில் இருநூறு ரூபாய்க்குக் காபி விற்கும் கடைக்கு இருபது பேராக வருவார்களா? அந்தக் கடையின் விலைப்பட்டியலே நுழைவுச்சீட்டு. அதில் தேறியவர்கள்தான் ரசிகர்கள் என்று ஆனபிறகு, குழுவின் பாட்டும் மெல்ல அவர்களுக்கேற்ற பாட்டாக மாறிவிடுகிறது. ஊரில் கேட்பவர்களைச் சம்பாதிக்காமல் தெற்கே போகும் வடசென்னைக் குழு, அங்கே போட்டியிடுவது தன் பலத்தை வைத்தல்ல, பலவீனத்தை வைத்து.

வடக்கு எப்போதும் இப்படி இருந்ததில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். இன்று சுத்திகரிப்பு ஆலைக்குப் பெயர்போன மணலியில்தான் முத்துசுவாமி தீட்சிதரின் தந்தை ராமசுவாமி தீட்சிதரின் குடும்பம் மணலி முதலியார்களின் ஆதரவில் வாழ்ந்தது. அந்தப் புரவலரோடு கோட்டைக்குப் போய்க் கம்பெனியாரின் பேண்டைக் கேட்ட பழக்கத்தில் பிறந்தவைதான் தீட்சிதரின் நோட்டுஸ்வரங்கள் என்பது இசை வரலாற்றில் நிலைத்த செய்தி. தியாகராஜர் சென்னைக்கு வந்தபோது அவரை வரவேற்றவர் முத்தியாலுப்பேட்டையில் வாழ்ந்த அவருடைய சீடர் வீணை குப்பையர். திருவொற்றியூர் பஞ்சரத்தினம் அந்த வருகையின் விளைவு. பின்னாளில் ஆர்மீனியன் தெருவின் கோகலே ஹாலும் வால்டாக்ஸ் சாலையின் ஒற்றைவாடை நாடகக் கொட்டகையும் நகரத்தின் மேடைகளாக இருந்தன. பிறகு பணமும் வக்கீல்களும் மயிலாப்பூருக்கும் தியாகராய நகருக்கும் குடிபெயர்ந்தபோது சபாக்களும் கூடவே போய்விட்டன. வடக்கில் ஆலைகளும் ரயில்வே கிளைப்பாதைகளும் குப்பைமேடும் மிஞ்சின. ஆனால் மண்டபம் போனதோடு மேடையும் போய்விட்டது என்று கணக்கு முடிப்பவர்கள், அடுத்த நூறு வருடங்களில் இந்தப் பக்கத்திலிருந்து இவ்வளவு பாடகர்கள் எப்படி வந்தார்கள் என்பதை விளக்க முடியாது.

புது இசை முதன்முதலில் ஒலித்த இடங்களைத் தேடிப் பார்த்தால் அரங்கம் அபூர்வமாகவே கண்ணில் படுகிறது. 1957 ஜூலை 6 அன்று லிவர்பூலின் வூல்டன் பகுதியில் ஒரு தேவாலய விழா. ஊர்வல லாரி ஒன்றின் மேல் உட்கார்ந்து வாசித்த பள்ளிப் பையன்களின் குழுதான், பின்னாளில் பீட்டில்ஸ் ஆன ஜான் லென்னனின் குவாரிமென். பால் மெக்கார்ட்னி அவரைச் சந்தித்தது அன்றுதான். கேவர்ன் கிளப் மேடை அவர்களுக்கு வந்ததெல்லாம் பிறகு. ஹிப் ஹாப்பின் பிறந்தநாளாகக் கொண்டாடப்படும் 1973 ஆகஸ்ட் 11, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதியில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில் நடந்த விருந்து. பள்ளி திறக்கும் முன் புதுத் துணி வாங்கக் காசு சேர்க்க சிண்டி கேம்பல் அதை ஏற்பாடு செய்ய, அவருடைய அண்ணன் கூல் ஹெர்க் இசைத்தட்டுச் சுழற்றினார். நம் பக்கம் வந்தால் 1958 தேவிகுளம் இடைத்தேர்தல். கம்யூனிஸ்ட் கட்சிக்காகப் பாடப் போன பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகச் சுற்றிய தம்பிதான் ‘அன்னக்கிளி’யின் இசையமைப்பாளராக 1976-இல் தமிழகம் அறிந்த இளையராஜா. தேர்தல் கூட்டம், கோயில் திருவிழா, கலியாண வீடு இவையெல்லாம் அந்தச் சகோதரர்களின் பள்ளிக்கூடம். இவர்களில் யாரும் முதல் நாள் ஓர் அரங்க மேலாளரிடம் தேதி கேட்டு நிற்கவில்லை. ஏற்கெனவே கூடியிருந்த கூட்டத்துக்கு நடுவே போய் நின்றார்கள். கூட்டத்தைக் கூட்டும் பொறுப்பு விழாவுடையது, அதைக் கலையாமல் பிடித்து வைக்கும் பொறுப்பு மட்டுமே குழுவுடையது. தொடக்கத்தில் இருப்பவர்களுக்கு இந்த வேலைப் பிரிவினையைவிடப் பெரிய சலுகை எதுவும் இல்லை.

கொருக்குப்பேட்டையின் வருடம் இந்தச் சலுகைகளால் நிரம்பியது. தை பிறந்ததும் தெருத் தெருவாகப் பொங்கல் விளையாட்டுப் போட்டி. பரிசளிப்புக்கு முன்னால் ஒரு மணி நேரம் எதையாவது வைத்து ஓட்டியாக வேண்டும். முகூர்த்த மாதங்களில் ரிசெப்ஷன், அதோடு மஞ்சள் நீராட்டு, வளைகாப்பு, காது குத்து. ஏப்ரல் 14 அம்பேத்கர் பிறந்தநாள் வடசென்னைக் குடியிருப்புகள் பலவற்றில் தெருவை அடைத்து மேடை போடும் நாள். மே தினத்துக்குத் தொழிற்சங்கக் கொடி ஏறும் இடங்கள் ஆலைகள் பல மூடிய பிறகும் மிச்சமிருக்கின்றன. ஆடியில் கலியாணம் நின்றுவிடும். கலியாணக் குழுக்கள் கையைப் பிசையும் அந்த மாதத்தில்தான் அம்மன் கோயில்களில் கூழ் வார்த்தல், ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு தெரு. மார்கழியில் மறுபடி முகூர்த்தம் இல்லை, ஆனால் கிறிஸ்துமஸ் பாட்டுக் குழுக்கள் வீடு வீடாகப் போகும். ராயபுரம் முதல் திருவொற்றியூர் வரை மீனவர் குடியிருப்புகளின் மாதா கோயில்களுக்கு இன்றியமையாத மாதம் அது. நடுவே தேர்தல். ராதாகிருஷ்ணன் நகர் தொகுதி 2015-லும் 2017-லும் கண்ட இடைத்தேர்தல்களை நாடே வேடிக்கை பார்த்தது. அப்போது மேளம் தட்டத் தெரிந்த யாரும் இந்தப் பக்கத்தில் சும்மா இருந்திருக்க முடியாது. 1949-இல் ராபின்சன் பூங்காவில் தி.மு.க.வின் தொடக்கக் கூட்டம் நடந்த ஊருக்குக் கட்சி மேடையும் பாட்டும் சேர்ந்தே பழக்கம். நாகூர் ஹனீபாவின் குரல் இல்லாமல் அந்த மேடைகளின் வரலாற்றை எழுத முடியாது.

இவை எல்லாவற்றிலும் தனித்து நிற்பது சாவு வீடு. வெளியூர்க்காரர்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றலாம், ஆனால் வடசென்னையின் மிகப் பழைய, மிகக் கறாரான இசை மேடை அதுதான். உடல் கிடக்கும் இரவிலோ காரியத்தன்றோ படத்திறப்பிலோ கானாப் பாடகர்கள் வந்து உட்காருவார்கள். டோலக், தாளத்துக்கு ஒரு பலகை அல்லது டேப், வசதியிருந்தால் கேசியோ. இறந்தவரின் பெயர், தொழில், பிள்ளைகள், குணம் எல்லாம் அங்கேயே கேட்டு வாங்கி அங்கேயே பாட்டில் ஏற்ற வேண்டும். விடியும் வரை பாடியாக வேண்டும். சோர்வு வரும், கூட்டம் அழும், பிறகு சிரிக்கும், ஒருவர் எழுந்து நூறு ரூபாய் குத்திவிட்டு இன்னொரு பாட்டு கேட்பார். இந்த வழக்கம் தண்டையார்பேட்டையில் அடங்கியிருக்கும் குணங்குடி மஸ்தான் சாகிபின் பாடல்கள் வரை வேர் கொண்டது என்று பாடகர்களில் சிலர் சொல்வதுண்டு. அதை நிறுவுவது கடினம், மறுக்கவும் தேவையில்லை. 2006-இல் ‘சித்திரம் பேசுதடி’ வழியே தமிழகம் முழுவதும் கேட்ட கானா உலகநாதன், 2012-இல் ‘அட்டகத்தி’யில் பாடிய வழக்கறிஞர் கானா பாலா, பெயரிலேயே மேடையைச் சுமக்கும் மரண கானா விஜி ஆகியோரை சினிமா கண்டுபிடித்தது என்று சொல்வது பாதி உண்மை. சினிமா வருமுன்பே தெருவும் சாவு வீடும் அவர்களைத் தேர்வு வைத்துத் தேற்றியிருந்தன. 1960-இல் ஹாம்பர்க் நகரத்து இரவு விடுதிகளில் தினமும் நான்கைந்து மணி நேரம் வாசிக்க வேண்டியிருந்ததுதான் பீட்டில்ஸை ஒரு குழுவாக்கியது என்று அவர்களுடைய வரலாற்றை எழுதுபவர்கள் எல்லோரும் சொல்கிறார்கள். அந்த நீண்ட இரவுப் பயிற்சி இங்கே கப்பலேறிப் போகாமலேயே கிடைக்கிறது.

அப்படியானால் இந்த மேடைகளுக்கு வழி யாரிடம் இருக்கிறது? இங்கேதான் புதுக் குழுக்கள் பெரும்பாலும் தவறான ஆளைத் தேடுகின்றன. நிகழ்ச்சியை நடத்துபவர், கலியாண வீட்டுக்காரரோ கோயில் கமிட்டித் தலைவரோ, வருடத்துக்கு ஒரு முறைதான் ‘பாட்டுக்கு யாரு?’ என்று யோசிக்கிறார். தினமும் அதை யோசிப்பவர் மைக்செட்காரர். ஷாமியானா, நாற்காலி, ஸ்பீக்கர், சீரியல் விளக்கு வாடகைக்கு விடுபவருக்குத் தன் வட்டாரத்தின் அத்தனை நிகழ்ச்சிகளும் தேதியோடு தெரியும். அட்வான்ஸ் வாங்கும்போதே ‘பாட்டு வேணுமா, ட்ராக் போதுமா?’ என்ற பேச்சு வந்துவிடும். அவருடைய ஸ்பீக்கரைக் கெடுக்காத, நேரத்துக்கு வருகிற, குடித்துவிட்டு மேடையில் சண்டை போடாத குழு என்று ஒரு முறை பெயர் வாங்கிவிட்டால், அந்தப் பெயர் எந்த டெமோவையும்விட வேகமாகப் பரவும். இரண்டாவது ஆள், ஏற்கெனவே இயங்கும் ஆர்கெஸ்ட்ரா. முகூர்த்த நாள்களில் அவர்களுக்கு ஒரே மாலையில் இரண்டு மூன்று புரோகிராம் விழும். டிரம்ஸ்காரர் வரவில்லை, பெண் குரலுக்கு ஆள் இல்லை என்று கடைசி நேரத்தில் தவிப்பார்கள். அந்த ஓட்டையில் நுழைபவர்களுக்குச் சம்பளம் குறைவு, ஆனால் மைக்கில் எப்படி நிற்பது, மானிட்டர் இல்லாமல் சுருதி எப்படிப் பிடிப்பது, கூட்டம் கலையும்போது எந்தப் பாட்டைப் போடுவது என்பதெல்லாம் அங்கேதான் தெரியவரும். எஸ்.பி. பாலசுப்ரமணியம் பெயரெடுக்கும் முன் நடத்திய மேடைக் குழுவில் வாசித்தவர்கள் இளையராஜா சகோதரர்கள் என்பதை நினைவில் வைத்தால், ஆர்கெஸ்ட்ரா வேலையைக் கீழாக நினைக்கக் காரணமில்லை.

வேடிக்கை என்னவென்றால், சட்டத்துக்கும் குழுவைத் தெரியாது, நிகழ்ச்சியைத்தான் தெரியும். 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி ஒலிபெருக்கி வைக்க எழுத்துமூல அனுமதி வேண்டும். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை திறந்தவெளியில் ஒலிபெருக்கியோ வாத்தியமோ ஒலிக்கக் கூடாது, அரங்கம், சமுதாயக் கூடம் போன்ற மூடிய இடங்களுக்கு மட்டும் விலக்கு. குடியிருப்புப் பகுதிக்கு இரவு வரம்பு 45 டெசிபல், பகலில் 55. கொருக்குப்பேட்டை வழியே போகும் கூட்ஸ் வண்டியின் ஹாரன் இந்த எண்ணைப் பார்த்துச் சிரிக்கும், ஆனால் வழக்கு டிரம்ஸ் மேல்தான் வரும். வருடத்தில் 15 நாள் மட்டும் நள்ளிரவு வரை தளர்த்த மாநில அரசுக்கு அதிகாரம் உண்டு, யாருக்காக? பண்பாட்டு, சமய விழாக்களுக்காக. பதிப்புரிமைச் சட்டத்தைப் பாருங்கள். 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, சமயச் சடங்கிலும் அரசு அல்லது உள்ளாட்சி விழாவிலும் பாடல்களைப் பொதுவில் பாடுவது உரிமை மீறலாகாது என்கிறது. கலியாண ஊர்வலமும் கலியாணத்தை ஒட்டிய கொண்டாட்டங்களும் அதில் அடக்கம். இந்த விலக்கின் எல்லை குறித்துச் சண்டைகள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன என்றாலும் அடிப்படை மாறவில்லை. இளையராஜா 2017-இல் எஸ்.பி.பி.க்கே நோட்டீஸ் அனுப்பிய பிறகு டிக்கெட் போட்ட மேடையில் சினிமாப் பாட்டு பாடுவது எவ்வளவு சிக்கல் என்று எல்லோருக்கும் தெரியும். அதே பாட்டை ரிசெப்ஷனில் பாடுபவரை யாரும் கேட்பதில்லை. ஆக, சத்தம், உரிமை இரண்டிலும் சட்டம் திறந்து வைத்திருக்கும் சின்ன ஜன்னல் விழாக்களின் பக்கம் பார்த்துத்தான் இருக்கிறது. புதுக் குழு அந்த ஜன்னல் வழியே நுழைவது புத்திசாலித்தனம்தானே.

இனி மறுப்புகள். முதலாவதும் மிகக் கனமானதும் இது: நிகழ்ச்சிக்கு வருபவர்கள் பாட்டுக்காக வருவதில்லை. ரிசெப்ஷனில் பிரியாணிக்கு வரிசை நிற்பவர்கள் முன்னால், சொந்தமாக எழுதிய பாட்டைப் பாடினால் யார் கேட்பார்கள்? கேட்ட பாட்டைப் பாடு என்பார்கள். இப்படி நூறு மேடை ஏறினால் ஒரு நல்ல நகல் குழு உருவாகும், தனக்கென்று குரல் உள்ள குழு உருவாகாது. இதில் உண்மை இருக்கிறது. எழுபது, எண்பதுகளின் மெல்லிசைக் குழுக்கள் எவ்வளவு திறமை காட்டியும் பெரும்பாலும் சினிமாவின் எதிரொலியாகவே நின்றுபோனதற்கு இந்த மேடைகளின் கட்டாயமும் ஒரு காரணம். ஆனால் அதே மேடைகளில், அதே கூட்டத்தின் முன் கானா எதிர்த் திசையில் போயிருக்கிறது. இறந்தவரைப் பற்றிய பாட்டை எந்தப் படத்திலிருந்தும் எடுக்க முடியாது, அங்கே புதுப்பாட்டைத் தவிர வேறு வழியில்லை. நிகழ்ச்சியை அலங்கரிக்கும் பாட்டு நகலாகிறது. நிகழ்ச்சியைப் பற்றிய பாட்டு சொந்தப் பாட்டாகிறது. ரிசெப்ஷனில் பத்து சினிமாப் பாட்டுக்கு நடுவே மணமக்களின் தெருவைப் பற்றி, அவர்கள் சந்தித்த ரயில்வே கேட்டைப் பற்றி ஒரு பாட்டு வைத்தால், வரிசையில் நிற்பவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். மெட்டு குழுவுடையது, பெயர்கள் மட்டும் அடுத்த வாரம் மாறும். அந்த மெட்டு இருபது கலியாணங்களில் தேய்ந்து பளபளப்பாகி நிற்கும்போது அதற்குச் சொந்தச் சொற்கள் எழுதிக்கொள்ளலாம். கூட்டத்தை ஏமாற்றும் தந்திரம் இல்லை இது. பாட்டு கட்டும் பழைய முறையே இதுதான்.

இரண்டாவது மறுப்பை இன்னும் கவனமாக அணுக வேண்டும். சாவு வீட்டு மேளமும் பாட்டும் சாதியோடு பிணைந்தவை. பறையடிப்பதைச் சில மக்கள்மேல் கடமையாகச் சுமத்திய சமூகத்தில், ‘சாவு வீட்டிலிருந்து தொடங்கு’ என்று ஒரு தலித் இளைஞனிடம் சொல்வது யோசனையா, அவமானமா? அந்தப் பெயரோடு வெளியே போனால் வேறு மேடைகள் மூடிக்கொள்ளும் என்ற அச்சமும் நியாயமானது. இதற்கு நல்ல பதில் வாதத்தில் இல்லை, 2018 ஜனவரி 6 மாலையில் இருக்கிறது. கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெய்ன் பள்ளி மைதானத்தில் இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் டென்மாவின் மெட்ராஸ் ரெக்கார்ட்ஸும் சேர்ந்து மேடையேற்றிய ‘தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’, கானாவை மறைக்காமல், சாவு மேளத்தை மறைக்காமல், அவற்றை ராக், ராப் இசையோடு நிறுத்தி சாதியைப் பற்றியே பாடியது. பத்தொன்பது பேர் கொண்ட அந்தக் குழுவின் கானாக் கலைஞர்கள் எந்த மேடைகளிலிருந்து வந்தார்கள் என்பது ரகசியமில்லை. இழிவு மேடையில் இல்லை, அந்த மேடைக்கு இவர்தான் போக வேண்டும், காசு கேட்கக் கூடாது என்று விதிப்பதில் இருக்கிறது. பேரம் பேசி, அட்வான்ஸ் வாங்கி, விருப்பப்பட்டுப் போகும் குழு அந்த விதியை உடைத்துவிட்டுத்தான் போகிறது. போகாமலிருக்கும் உரிமையும் அதில் அடக்கம். யாருக்குச் சாவு வீடு வேண்டாமோ அவர்களுக்கு ஆடி மாதம் இருக்கிறது.

பெண்களின் நிலைமையை இந்த மறுப்போடு சேர்த்துப் பேசுவது வழக்கம், ஆனால் அது தனிச் சிக்கல். இரவு முழுக்க நடக்கும் கானாவில் பெண் குரல் அபூர்வம். ராயபுரத்தின் இசைவாணி, 2020-இல் பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றவர், ஆண்கள் மட்டுமே பாடிய வகைக்குள் நுழைந்தவர் என்றே அறிமுகப்படுத்தப்படுகிறார். சிறு வயதிலிருந்தே இசைக்கலைஞரான தந்தையின் துணையோடு மேடை ஏறிய வாய்ப்பு அவருக்கு இருந்தது. அப்படித் துணை இல்லாதவர்களுக்கு நிகழ்ச்சி மேடைகள் எல்லாம் ஒரே மாதிரி திறந்திருப்பதில்லை. கலியாணம், வளைகாப்பு, கோயில், சர்ச் ஆகியவை மாலையோடு முடிபவை, குடும்பங்கள் நிறைந்தவை. அவற்றில் தொடங்குவது பெண்கள் உள்ள குழுவுக்கு எளிது. போய்வரும் வண்டிக்கும் சேர்த்துப் பேசித்தான் அட்வான்ஸ் வாங்க வேண்டும் என்பது சில்லறை விஷயமாகத் தோன்றலாம், ஆனால் எத்தனையோ பெண் குரல்கள் நின்றுபோனது பாட்டு வராததால் அல்ல, பத்தரை மணிக்கு வீடு திரும்ப வழியில்லாததால்.

மூன்றாவது மறுப்பு நம் காலத்துடையது. யூடியூப் இருக்கும்போது மேடை எதற்கு? வடசென்னையின் கானா இளைஞர்கள் பலரை லட்சக்கணக்கானோர் பார்ப்பது தெரிந்ததே. உண்மைதான், ஆனால் பார்ப்பவர் எண்ணிக்கை கேட்பவரின் முகத்தைக் காட்டாது. எந்த வரியில் கூட்டம் சலித்தது, எந்த இடத்தில் கிழவி ஒருத்தி தலையாட்டினாள் என்பதை அல்காரிதம் சொல்லாது. அதைவிடப் பெரிய சிக்கல், அங்கே அதிர்ச்சிக்குத்தான் விலை. ஆபாசமும் ரவுடிப் புகழ்ச்சியும் நிறைந்த சில பாடல்கள் காவல்துறை வரை போனதற்கு அந்தச் சந்தையும் பொறுப்பு. சாவு வீட்டில் அந்த வரியைப் பாடியிருந்தால் இறந்தவரின் மகனே எழுந்து நிறுத்தியிருப்பான். நேரில் நிற்கும் கூட்டம் ஒரு தணிக்கை அல்ல, அது பொறுப்பு. வீடியோவை அறிவிப்புப் பலகையாக வைத்துக்கொள்ளலாம், மைக்செட்காரரிடம் காட்ட அது உதவும்.

பண்பாட்டு விழாக்கள் இந்த இடைவெளியை நிரப்பவில்லையா என்பதையும் பார்க்க வேண்டும். 2007-இல் தொடங்கி 2011-இல் நின்று, 2023-இல் மீண்ட சென்னை சங்கமம் பூங்காக்களையும் மைதானங்களையும் மேடையாக்கியது. டி.எம். கிருஷ்ணாவும் நித்தியானந்த் ஜெயராமனும் முன்னின்ற ஊரூர் ஆல்காட் குப்பம் விழா 2015-இல் மீனவர் குப்பத்துக்குக் கர்நாடக இசையைக் கொண்டுபோனது. 2020 முதல் ‘மார்கழியில் மக்களிசை’ டிசம்பரைச் சபாக்களின் தனிச்சொத்தாக விட்டுவைக்கவில்லை. மூன்றும் நல்லவை, முதல் மேடையாக மூன்றும் பயன்படாது. வருடத்துக்கு ஒரு முறை வரும் விழா, ஏற்கெனவே எங்கேயோ தேறியவர்களைத்தான் எடுக்க முடியும். அங்கே மேடையேறும் குழு அதற்கு முந்தைய நாற்பது மேடைகளை வேறெங்கோ ஏறியிருக்க வேண்டும். அரசு மாறினால் விழா நின்றுபோகும் என்பதையும் 2011 காட்டிவிட்டது. கூழ் வார்த்தல் எந்த அரசு மாறினாலும் நிற்பதில்லை.

இவ்வளவு சொல்லியும், நிகழ்ச்சி தர முடியாத ஒன்று உண்டு என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். எந்தக் காரணமும் இல்லாத ஒரு மாலை. யாரும் சாகாத, யாருக்கும் கலியாணம் இல்லாத, எந்தத் தலைவருக்கும் பிறந்தநாள் இல்லாத நாளில், பாட்டைக் கேட்பதற்கென்றே ஐம்பது பேர் வந்து உட்காரும் மாலை. புதுப்பாட்டு கடைசியில் தேறுவது அங்கேதான், அந்த மாலைக்குத்தான் வடசென்னையில் இடமில்லை. இதற்குப் புது அரங்கம் கட்டக் கோரிக்கை வைப்பது எளிது, பயன் குறைவு. அப்படிக் கட்டப்படும் ஏ.சி. அரங்கத்தின் வாடகையே மறுபடி ஒரு நுழைவுச்சீட்டாகிவிடும். மாநகராட்சியின் சமுதாய நலக்கூடங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. அவை கலியாணத்துக்கென்று வாடகைக்கு விடப்படுபவை. ஆடியிலும் மார்கழியிலும், முகூர்த்தமில்லாத வார நாள்களிலும் பூட்டிக் கிடக்கும் மாலைகள் எத்தனை? ஒலி விதிகள் மூடிய சமுதாயக் கூடத்துக்கு விலக்கு தருகின்றன. ஷாமியானாவும் வேண்டாம், தெருவை அடைக்கவும் வேண்டாம். அந்த மாலைகளை வட்டாரக் குழுக்களுக்கு மின்கட்டண அளவிலான வாடகையில், இரண்டு மணி நேரத் துண்டுகளாகக் கொடுக்க ஒரு மன்றத் தீர்மானம் போதும். விண்ணப்பப் படிவத்தில் ‘நிகழ்ச்சியின் நோக்கம்’ என்ற கட்டத்துக்கு எதிரே ‘பாட்டு’ என்று மட்டும் எழுதினால் ஏற்றுக்கொள்ளும் அதிகாரி ஒருவர் வேண்டும், அவ்வளவுதான். எதிர்ப்பு வந்தால் அது பணத்தைப் பற்றி இருக்காது. கூட்டம் கூடினால் சண்டை வரும் என்று வடசென்னையைப் பற்றி மட்டும் கேட்கப்படும் அந்தப் பழைய எதிர்ப்பாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் சொல்ல, இருபது கலியாணங்களில் நாற்காலி ஒன்றும் உடையாமல் வாசித்துவிட்டு வந்த குழுவும், அதற்குச் சாட்சி சொல்லும் மைக்செட்காரரும் கூட இருந்தால் நல்லது.